அலாரம் அக்கா

அக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் தோட்டத்தில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. அலாரம் அக்கா என்று சொல்லுங்கள், அப்புத்தளைக்குக் கீழே இருக்கிற எங்கள் மலை முழுக்கத் தலையாட்டும். சிலர் சிரிப்பார்கள். சிலர் காறித் துப்புவார்கள். துப்புகிறவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். ஆனால் அவர்களும் என் சனம், என்ன செய்ய?

தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே நான் சல்லடை அறையில் வேலை செய்தேன். காய்ந்த தூளைச் சலித்துத் தரம் பிரிக்கும் இடம் அது. கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரோதை அறை. ரோதை என்றால் வாடிய கொழுந்தை உருட்டி நசுக்குகிற பெரிய மெஷின். அதைச் சுற்ற வைக்கிற மோட்டார் மூலையில், சிமெந்துக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த மோட்டாரைக் கவனிக்கிற பெட்டி சுவரில் இருந்தது. பெட்டிக்குக் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் அக்கா.

பெட்டி முதலிலிருந்தே இருந்ததல்ல. கரண்ட் நின்று நின்று வந்த காலத்தில் ரோதை மோட்டார் ஒரு தடவை எரிந்துபோனது. அதைக் கழற்றி, உள்ளே கம்பி சுற்றி, திரும்பக் கொண்டுவந்து மாட்டுவதற்குள் ஸ்டோர் செத்துப் பிழைத்தது. அன்றைக்கு டீமேக்கர் ஐயா எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துப் பேசினார். ஸ்டோருக்குப் பொறுப்பானவர் அவர்தான்.

“இன்னொரு தரம் இது எரிஞ்சா கம்பனி புதுசு வாங்கித் தராது. ஸ்டோரை இழுத்து மூடிருவாங்க. நல்லா வெளங்கிக்கங்க.”

எங்களுக்கு நன்றாகவே விளங்கியது. மோட்டார் இருந்தால் ஸ்டோர், ஸ்டோர் இருந்தால் நாங்கள். அதன்பிறகுதான் பெட்டி வந்தது.

பண்டாரவளையிலிருந்து வந்த எலெக்ட்ரிக் பாஸ் அதை மாட்டினார். கைவேலை தெரிந்தவர்களை நாங்கள் பாஸ் என்போம். சிங்களவர், தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். பச்சை விளக்கு எரிந்தால் மோட்டாருக்குச் சுகம். மஞ்சள் எரிந்து அலாரம் அடித்தால் சூடு ஏறுகிறது, அல்லது உதறல் கூடிவிட்டது, அல்லது அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது; மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் ஆள் போய்ப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அலாரத்தை வாயடைக்க ஒரு பட்டன் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி பாஸ் சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

“இது சத்தம் மட்டும் நிப்பாட்டும். மோட்டர் நோய் வருத்தம் நிப்பாட்டாது. போய்ப் பாக்க வேணும்.”

அந்த ஸ்டூலில் உட்கார ஆண்கள் யாரும் முன்வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்பது அவர்கள் கௌரவம். அக்காதான் கையைத் தூக்கினாள். குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு அப்போதுதான் ஊருக்கு வந்திருந்தாள். நானும் அவளும் ஒரே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. அவள் இல்லாத வருஷங்களில் அவள் மகள் என் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாள். அக்கா சூட்கேஸோடு வந்து இறங்கிய அன்றைக்கு அந்தப் பிள்ளை என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, “யாரு சித்தி இவங்க?” என்று கேட்டது. அக்கா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கொண்டுவந்த சொக்லேட் பையை வாசற்படியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

புருஷன் கொழும்பில் ஏதோ கடையில் இருப்பதாகக் கேள்வி. இருக்கட்டும். மலையில் கொழுந்து எடுக்கப் போகலாம் என்றால் அங்கே வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்தான் வேலை. ஸ்டோரில் இடம் கிடைத்த அன்றைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“இனி எந்த ராசா வந்து கூப்பிட்டாலும் பிளேன் ஏற மாட்டேன் தங்கச்சி. இந்த ஸ்டோர் இருக்கிற வரைக்கும் நான் எம்புள்ளகிட்டதான்.”

இவ்வளவு தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அலாரம்தான்.

அது அடித்தால் எங்கள் அறையில் பாதிப் பேர் காதைப் பொத்துவார்கள். மீதிப் பேர் யாரையாவது திட்டுவார்கள். நான் திட்டுகிற கட்சி. அக்கா மட்டும் எழுந்திருப்பாள். பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிட்டு, “இந்தா வாறேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மோட்டாரிடம் போவாள். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி புறங்கையை அதன் மேல் வைத்துப் பார்ப்பாள். காற்று இழுக்கிற பின்பக்கத்து வலையில் தேயிலைப் பஞ்சு அடைத்திருக்கிறதா, பெல்ட் இறுகிக் கிடக்கிறதா, ரோதைக்காரர்கள் கொழுந்தை அள்ளித் திணித்துவிட்டார்களா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். கரண்டைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. பாஸ் காட்டிக் கொடுத்ததைத் தாண்டி ஓர் அங்குலம் தெரியாது. தெரிந்ததெல்லாம் அடித்தால் போகணும் என்பது மட்டும்தான்.

பாதி அலாரம் சும்மா அடிப்பது. பதுளைப் பக்கம் எல்லா வீட்டிலும் விளக்கைப் போட்டதும் எங்கள் கரண்ட் தொய்ந்துவிடும். உடனே பெட்டி கத்தும். நான் ஜன்னல் வழியாகச் சொல்வேன்.

“சும்மா அடிக்குது அக்கா. உக்காருங்க. காலு தேஞ்சிரப் போவுது.”

“சும்மாவா இல்லையான்னு போய்ப் பாத்தாத்தானே புள்ள தெரியும்?” என்பாள் போய்க்கொண்டே.

ஸ்டோருக்கு வெளியிலும் அவள் இப்படித்தான். பக்கத்து லயத்தில் குழந்தை அழுதால் இவள் போய் நிற்பாள். யார் வீட்டுக் குக்கரோ விசில் அடித்தால், அடுப்பை நிறுத்த ஆள் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மனுஷனின் சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே வந்தது. அக்கா பொறுத்துப் பார்த்தாள். எல்ல ஊரைத் தாண்டியதும் தோளைத் தட்டி எழுப்பிவிட்டாள்.

“அண்ணே, போன் அடிக்குது.”

“தெரியும்மா. எம் பொஞ்சாதி. தெரிஞ்சுதான் தூங்குறேன்.”

“எடுத்துத் திட்டு வாங்கிக்கங்கண்ணே. அங்க ஒருத்தங்க காதுல வச்சுக்கிட்டு நிக்கிறாங்கல்ல?”

பஸ்ஸே சிரித்தது. அந்த மனுஷனும் வேறு வழியில்லாமல் எடுத்தார். அப்புத்தளை வரும்வரைக்கும் திட்டு வாங்கிக்கொண்டே வந்தார். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

வெளிநாட்டில் மேடம் மணியடித்தால் ஓடி ஓடிப் பழகியவள், அதுதான் இந்தப் புத்தி என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. மணிக்குப் பயந்து ஓடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகம் வேறு. அக்கா எழுந்து போகும்போது அவள் முகத்தில் பயம் இருக்காது. வாசலில் யாரோ வந்து கூப்பிடுகிறார்கள், வா என்று சொல்லப் போகிறேன் என்கிற முகம்தான் இருக்கும். அது பிறவியிலேயே வந்திருக்க வேண்டும். அப்படி ஒரு குணத்தோடு எங்கள் மாதிரி இடத்தில் பிறந்தது அவள் கெட்ட காலம்.

எங்கள் ஸ்டோருக்கு ஒரு சாமி உண்டு, ரோதை முனி. மெஷின் கையைக் காலை வாங்கிவிடாமல் காப்பவர் அவர்தான் என்று எங்கள் ஆட்கள் கும்பிடுவார்கள். வருஷா வருஷம் ரோதை அறையில் பூசை நடக்கும். சூலத்துக்குப் பொட்டு வைத்து, தேங்காய் உடைத்து, சேவல் கொடுத்து, மெஷினுக்கெல்லாம் சந்தனம் தெளிப்பார்கள். அந்த வருஷம் எங்கள் ரோதை மாமாவுக்குப் பக்தி கொஞ்சம் கூடிவிட்டது. ரோதை அறையின் மூத்த ஆள் அவர், நாங்கள் எல்லாரும் மாமா என்றுதான் கூப்பிடுவோம். போன வருஷம் எரிந்த மோட்டார் இந்த வருஷம் எரியக்கூடாது என்று சாமிக்கு வாங்கிய சிவப்புப் பட்டில் பெரிய துண்டாக வெட்டி, மோட்டாரின் பின்பக்கத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டார். மேலே ஒரு சாமந்தி மாலை வேறு. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் ரோதை ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது. அலாரம் கத்தியது. மாமா நெஞ்சில் கை வைத்தார். “முனிக்கு ஏதோ கொறை வச்சிட்டோம்டா” என்றார். இன்னொரு தேங்காய் உடைத்தார்கள். விளக்கு அணையவில்லை. சூடம் கொளுத்தினார்கள். விளக்கு அணையவில்லை. அக்கா வந்தாள். வழக்கம்போலப் புறங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய், காற்று இழுக்கிற வலையை மூடிக்கொண்டிருந்த பட்டை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, மடித்துச் சூலத்தின் காலடியில் வைத்தாள். மாலையை எடுத்துச் சூலத்துக்கே போட்டாள்.

“ஏய், சாமி துணிய ஒரு பொம்பள அவுக்கிறதா?” மாமாவின் குரல் ஸ்டோரின் மேல்மாடி வரைக்கும் கேட்டது.

“சாமிக்கு மூச்சு முட்டாது மாமா. இதுக்கு முட்டுதே” என்றாள் அக்கா.

சற்று நேரத்தில் பச்சை எரிந்தது. அன்றைக்கு நாங்கள் சல்லடை அறையில் வயிறு வலிக்கச் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. அவருடைய ஆட்களும் சிரிக்கவில்லை.

வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் எங்கள் ஊவா மலைத் தேயிலைக்கு உயிர். மலை காய்ந்து கிடக்கும், கொழுந்து குறைவாக வரும், ஆனால் அந்தத் தூளின் வாசமே தனி. அந்த மாதங்களில் ரோதை ஒரு நிமிஷம் நின்றாலும் டீமேக்கர் ஐயாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறிவிடும். நசுங்கிய கொழுந்து நின்ற இடத்தில் புளித்துவிடும், புளித்தால் கொழும்பிலிருந்து ஏச்சு வரும். அந்தப் பருவத்தில்தான் மோட்டாருக்கு வியாதி முற்றியது. உள்ளே பெயாரிங் தேய்ந்துவிட்டது என்று பாஸ் வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். சூடும் ஏறியது, உதறலும் ஏறியது. காலையில் ஒரு தடவை அடிக்கும், மத்தியானம் அடிக்கும், தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அடிக்கும். அக்கா போவாள், கை வைப்பாள், கையை வெடுக்கென்று எடுப்பாள், நிறுத்தி வைப்பாள். மோட்டார் ஆறும்வரைக்கும் ரோதை சும்மா கிடக்கும். ஆறியதும் ஓட்டுவார்கள். மறுபடி அடிக்கும்.

டீமேக்கர் ஐயா கெட்டவர் இல்லை. அவருக்கு இதெல்லாம் அக்காவைவிட நன்றாகத் தெரியும். ஒருநாள் ரோதைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் விரித்தார்.

“நிப்பாட்டுனா கொழுந்து போவும். ஓட்டுனா மோட்டர் போவும். நீயே சொல்லும்மா, எதை விடச் சொல்ற?”

“கொழுந்து நாளைக்கும் மொளைக்குங்க ஐயா.”

“அதைக் கொழும்புல போய்ச் சொல்லு. பெயாரிங் கேட்டுக் கேட்டு என் வாய் வலிச்சுப் போச்சு. பாப்போம் பாப்போம்ங்கிறாங்க.”

அவர் போன பிறகும் அக்கா ஸ்டூலுக்குப் போகாமல் மோட்டாருக்குப் பக்கத்திலேயே நின்றாள். ஐயாவும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும் விட்டார், பிறகு ஏன் யாரும் வரவில்லை என்பது அவளுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. நான் சொல்லவில்லை, சொன்னால் அவள் ஏற்க மாட்டாள்.

ரோதைக்காரர்கள் வேறு ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். மோட்டாரின் முதுகில் ஒட்டியிருந்த மெல்லிய வயர்தான் சூட்டைப் பெட்டிக்குச் சொல்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கோணிச்சாக்கைத் தண்ணீரில் நனைத்து அந்த வயரின் நுனி மேல் போர்த்திவிட்டார்கள். பெட்டி அடங்கிவிட்டது. ஒரு காலைப்பொழுது முழுக்க ஸ்டோரில் அலாரமே இல்லை. எங்களுக்கெல்லாம் காது குளிர்ந்தது. அக்காவுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. அடித்தால் போகிறவள், அன்றைக்கு அடிக்காததற்கும் போனாள். சாக்கைப் பார்த்துவிட்டாள்.

“காய்ச்சக்காரன் நெத்தியில ஈரத்துணியப் போட்டு மலைக்கு வேலைக்கு அனுப்புவீங்களா?” என்று கேட்டுக்கொண்டே சாக்கை உருவி வெளியே எறிந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான்.

“எங்க காம்பராவுக்கும் அடுப்பு எரியணும் அக்கா. நீ நிப்பாட்டி நிப்பாட்டியே ஸ்டோரை மூடிருவ” என்றான் ஒருவன்.

“எரிஞ்சா மூடுவாங்க. நிப்பாட்டினா மூட மாட்டாங்க. அதுக்குத்தானே இந்தப் பெட்டியை மாட்டுனாங்க?”

அவள் சொன்னது நியாயம்தான். அந்தப் பெட்டியைக் காசு போட்டு மாட்டியவர்கள் அது சொல்வதைக் கேட்பார்கள் என்று நம்பினாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நம்புவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அந்தப் பருவத்தின் கடைசியில் கம்பனியின் பெரிய ஆட்கள் கொழும்பிலிருந்து வருவதாகச் செய்தி வந்தது. ஸ்டோரைக் கழுவினோம், ஜன்னல்களைத் துடைத்தோம். காலையில் டீமேக்கர் ஐயா அக்காவின் ஸ்டூலுக்கு முன்னால் வந்து நின்றார். கெஞ்சுகிற குரலில் பேசினார்.

“இன்னைக்கு ஒரு நாள் அந்தப் பட்டனை அமுக்கிட்டுச் சும்மா இரும்மா. அவங்க உள்ள வந்து வெளிய போற நேரந்தான். மஞ்ச வெளக்கு தெரியாம நான் வேணா ஒரு கலண்டரை மாட்டிர்றேன்.”

“அடிக்காட்டிச் சும்மா இருப்பேங்க ஐயா” என்றாள்.

ஐயா தலையில் அடித்துக்கொண்டு போனார். கலண்டரை மாட்டவில்லை, அதுவரைக்கும் புண்ணியம்.

பெரிய ஆட்கள் மேல்மாடியில் கொழுந்து வாடுகிற தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அலாரம் அடித்தது. நான் ஜன்னலில் நின்றேன். அக்கா சத்தத்தை நிறுத்தினாள். நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மஞ்சள் விளக்கு அவள் தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. அவள் மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். தரையைப் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள். மோட்டாரிலிருந்து உலோகம் அரைபடுகிற சத்தம் கண்ணாடியைத் தாண்டி எங்களுக்கே கேட்டது, கிரீஸ் கருகும் வாடையும் வந்தது. அவ்வளவுதான். “இந்தா வாறேன்” என்று எழுந்துவிட்டாள். மோட்டாரை நிறுத்திவிட்டாள். பெரிய ஆட்கள் படியிறங்கி ரோதை அறைக்குள் வந்தபோது ரோதை அசையாமல் நின்றது, அக்கா அதன் பக்கத்தில் நின்றாள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். எங்கள் தோட்டத்துத் துரை அதைத் தமிழில் கேட்டார்.

“இது அடிக்கடி நிக்குதா?”

டீமேக்கர் ஐயா அவருக்குப் பின்னால் நின்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினார். ரோதை மாமா இல்லை இல்லை என்று தலையை அசைத்தார். அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு வெள்ளைச் சட்டைக்காரரைப் பார்த்து, அவர் முகத்துக்கு நேராகவே சொன்னாள்.

“ஆமாங்க சார், தெனமும் நிக்குதுங்க. ஒரு நாளைக்குப் பல தரம். உள்ள தேஞ்சிருச்சுன்னு பாஸ் சொன்னாரு. அதை மட்டும் மாத்திக் குடுத்தீங்கன்னா நல்லா ஓடுங்க. தொட்டுப் பாருங்க சார், எவ்வளவு சூடுன்னு.”

அவர் தொடவில்லை. துரை அதை இங்கிலீஷில் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார். பக்கத்தில் நின்றவரிடம் ஒரு வார்த்தை சொன்னார். இரண்டு பேரும் ரோதையை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே போனார்கள். அன்றைக்கு லயத்துக்குத் திரும்பும்போது அக்காவின் நடையில் ஒரு துள்ளல் இருந்தது. “நேராவே சொல்லிட்டேன் தங்கச்சி. இனி வந்திரும்” என்றாள். பெயாரிங்கைச் சொன்னாள். நான் சரி சரி என்றேன்.

வந்தது வேறு. சின்ன ஸ்டோர்களை ஓட்டிக் கட்டுப்படியாகாது, மெஷின்கள் பழுது, நாளெல்லாம் நிற்கிறது, ஆகவே இனிக் கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு ஸ்டோருக்கு அனுப்பப் போகிறோம் என்று பெரட்டுக்களத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடும்போது சொல்லிவிட்டார்கள். கச்சான் முடிந்து மழை பிடித்திருந்தது. ரோதை மாமா அக்காவின் பக்கம் திரும்பினார்.

“முனி துணிய அவுத்தவ. அன்னைக்கே தெரியும் எனக்கு.”

அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் நிறுத்தியதால் மூடினார்கள் என்றார்கள். வாயைத் திறந்ததால் மூடினார்கள் என்றார்கள். சாமி குற்றம் என்றார்கள். சல்லடை அறையில் அவளோடு சேர்ந்து சிரித்தவர்களே தண்ணீர்க் குழாயடியில் அவளைக் கண்டால் வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. நான் ஒருத்தி நின்றதால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

டீமேக்கர் ஐயா மட்டும் அவளிடம் வந்து சொன்னார். “நீ சொன்னாலும் மூடியிருப்பாங்க, சொல்லாட்டியும் மூடியிருப்பாங்க. ஓட்டி எரிய விட்டிருந்தாலும் மூடித்தான் இருப்பாங்க. நீ சொன்னதுல அவங்களுக்குக் காரணம் தேடுற வேலை மிச்சம், அவ்வளவுதான்.” ஆறுதலாகத்தான் சொன்னார். அதைக் கேட்ட பிறகு அக்கா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

ஒரு சாயங்காலம் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தோம். மகள் உள்ளே பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அக்கா மெதுவாகப் பேசினாள்.

“பெட்டி கூப்பிட்டா நான் போறேன். நான் கூப்பிட்டா அவங்க வருவாங்கன்னு நெனச்சிட்டேன் புள்ள.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. கொழும்பில் ஏஜென்சிக்காரன் நம்பர் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

மெஷின்களைக் கழற்ற வந்த நாளில் எங்களைச் சுத்தம் செய்வதற்காக ஸ்டோருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அக்காவும் வந்தாள். ஸ்டூல் இன்னும் அங்கேயே இருந்தது, அதில் உட்கார்ந்தாள். யாரும் எழச் சொல்லவில்லை. வெளியூர் ஆட்கள் மோட்டாரின் போல்ட்டைக் கழற்றி, வயர்களை வெட்டி, சங்கிலி போட்டுத் தூக்கி லொறியில் ஏற்றினார்கள். வயர் வெட்டுப்பட்ட பெட்டிக்கு மோட்டாரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி வராவிட்டால் ஆபத்து என்றுதான் அது எடுத்துக்கொள்ளுமாம். பெட்டிக்குப் போகிற கரண்டை நிறுத்த அவர்கள் மறந்துவிட்டார்கள். அலாரம் அடித்தது. வெறும் அறையில் அது முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது.

லொறிக்காரர்கள் சிரித்தார்கள். அக்கா எழுந்தாள். பட்டனை அமுக்கினாள். போனாள். சிமெந்துக் கட்டில் கிரீஸ் கறையும், போல்ட் நின்ற ஓட்டைகளும் இருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். கட்டின் மேல் ஒட்டியிருந்த தேயிலைப் பஞ்சைக் கையால் கூட்டி எடுத்தாள். பிறகு என்னிடம் திரும்பி வந்தாள்.

“பாத்துட்டேன்” என்றாள். “வா, போவோம்.”

அடுத்த மாதமே பிளேன் ஏறினாள். இந்தத் தடவை வேறு நாடு, பெயர் சொன்னாள், எனக்கு வாயில் நுழையவில்லை. மகளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள். பிள்ளை இந்தத் தடவை என் முதுகுக்குப் பின்னால் ஒளியவில்லை. அம்மாவின் கையை விடவே இல்லை. நான்தான் விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். அந்தப் பாவத்துக்கு யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் வெள்ளிக்கிழமைதோறும் அக்கா பேசினாள். சாப்பிட்டியா, படிச்சியா, சித்திய தொந்தரவு பண்ணாத, அவ்வளவுதான் பேச விடுவார்கள் போலிருக்கிறது. அப்புறம் வெள்ளிக்கிழமைகள் தவறின. ஏஜென்சிக்காரன் அங்கே எல்லாம் சுகம் என்கிறான். அவனுக்கு எல்லாமே சுகம்தான்.

போன வாரம் பிள்ளை பெரிய மனுஷி ஆகிவிட்டாள். பள்ளிக்கூடத்திலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் அக்கா பக்கத்தில் இல்லையே என்று இருந்தது. மூலையில் பாய் போட்டு உட்கார வைத்தேன். தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், ஆளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், ஆனால் பெற்றவள் காதில் போடாமல் எதையும் தொடக் கூடாது என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தாள். என் போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டாள். காலையில் அடித்தாள், மத்தியானம் அடித்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்றார்கள். குழாயடியில் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தவர்களும் வந்து நின்றார்கள்.

“ரிங் போகுது சித்தி” என்றாள் பிள்ளை.

“போகட்டும். வச்சிராத.”

போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. கடைசிவரைக்கும் அடித்து, அதுவாக நின்றது.

“இன்னொரு தரம் அடிக்கவா சித்தி?”

“அடி” என்றேன்.